ரெண்டு கிலோ இரும்பு

என் மேஜை மேல் ஒரு துண்டுக் குழாய் இருக்கிறது. நாலு அங்குல நீளம். சுண்டு விரல் நுழைகிற துவாரம். ஒரு பக்கம் ஒழுங்காக இருக்கும். மறுபக்கம் கரையான் தின்றது போலப் பள்ளம் பள்ளமாக இருந்து, நட்டநடுவில் ஒரு பொத்தல். வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "புல்லாங்குழல் கத்துக்கறீங்களா?" என்று கேட்கிறார்கள். மீதிப் பேர் நாகரிகம் கருதிக் கேட்பதில்லை.

அது நான் வாங்கிய மெடல். பள்ளிக்கூடத்திலும் காலேஜிலும் எதற்கும் மெடல் வாங்காதவன் என்பதால் இதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கதை 2012ல் ஆரம்பிக்கிறது. பி.காம். முடித்துவிட்டு மூன்று பாங்க் பரீட்சை எழுதினேன். மூன்று பாங்குகளும் தப்பித்துக்கொண்டன. கடைசியில் திருச்சிக்குப் பக்கத்தில் துவாக்குடியில் அகப்பட்டுக்கொண்டது ஒரு பட்டறை. அங்கே 'பெல்' என்று எல்லோரும் சொல்கிற பி.எச்.இ.எல். தொழிற்சாலை பாய்லர் செய்துகொண்டு பிரமாண்டமாக உட்கார்ந்திருக்கிறது அல்லவா? ஆலமரத்தைச் சுற்றிப் பெட்டிக்கடை மாதிரி அதைச் சுற்றி ஏகப்பட்ட ஃபேப்ரிகேஷன் பட்டறைகள். அதில் ஒன்றில் எனக்கு அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட் உத்தியோகம். சம்பளம் ஏழாயிரம். ஃபேனுக்குக் கீழே நாற்காலி. வேறென்ன வேண்டும்?

முதல் நாள் முதலாளி சொன்னார்: "நாம பண்றது ஹீட் எக்ஸ்சேஞ்சர்."

எக்ஸ்சேஞ்ச் என்றால் எனக்குத் தெரிந்தவை மூன்று. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச், எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச். கடைசியில் மட்டும்தான் என் பெயர் பதிவாகி இருந்தது. நான்காவதைப் பற்றி யாரிடம் கேட்பது என்று விழித்தபோது அகப்பட்டவர்தான் ஃபோர்மேன் அண்ணே.

வயது ஐம்பத்தேழு. அந்தப் பட்டறையில் மட்டும் இருபத்தாறு வருஷ சர்வீஸ். கிரைண்டர் சத்தத்திலும் சம்மட்டிச் சத்தத்திலும் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. அதனால் அவர் ரகசியம் பேசினாலே பக்கத்துப் பட்டறைக்காரன் 'ஆமா' போடுவான். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தார்.

"தம்பி, சூடான பாலைச் சீக்கிரம் ஆற வைக்கணும்னா உங்கம்மா என்ன பண்ணுவாங்க?"

"டம்ளரைத் தண்ணிப் பாத்திரத்துல வைப்பாங்கண்ணே."

"அவ்வளவுதான். பாலோட சூடு தண்ணிக்குப் போயிடுது. ஆனா பாலும் தண்ணியும் கலந்துச்சா?"

"அதைப் பால்காரர் ஏற்கெனவே கலந்துடுவாருண்ணே."

அண்ணே சிரித்ததில் மூன்றாவது பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"டம்ளரை நீளமா இழுத்துக்க. அது டியூபு. பாத்திரத்தை நீளமா இழுத்துக்க. அது ஷெல்லு. ஒரு டம்ளர் பத்தாது, அம்பது, நூறு, ஆயிரம்னு அடுக்கிக்க. டியூபுக்குள்ள ஒண்ணு ஓடும், டியூபுக்கு வெளிய ஷெல்லுக்குள்ள இன்னொண்ணு ஓடும். சூடு மட்டும் மாறும், சரக்கு மாறாது. ஷெல் அண்ட் டியூப் ஹீட் எக்ஸ்சேஞ்சர். ஊறுகா எடுத்துக்க."

அன்றிலிருந்து மத்தியானம் தோறும் ஊறுகாயோடு ஒரு பாகம் புரிய ஆரம்பித்தது.

வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு சாதுவான இரும்புப் பீப்பாய். இரண்டு கால்களில் படுத்துக் கிடக்கும். சாமர்த்தியம் எல்லாம் வயிற்றுக்குள். முதலில் டியூப் ஷீட். நம் வீட்டு இடியாப்ப அச்சை இரண்டு அங்குலத் தடிமனில் செய்தால் அதுதான். ஓட்டை ஒவ்வொன்றிலும் ஒரு குழாய் முனை உட்காரும். குழாய் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர். ஓட்டைக்கு ஓட்டை மையத்திலிருந்து மையம் அளந்தால், குழாய் விட்டத்தைப் போல குறைந்தது 1.25 மடங்காவது இருக்க வேண்டும். எங்கள் பட்டறையில் 25.4 போடுவோம். ஆக இரண்டு ஓட்டைக்கு நடுவே மிஞ்சுவது ஆறு மில்லிமீட்டர் இரும்பு. முக்கோண வரிசையில் அடுக்கினால் நிறையக் குழாய் அடங்கும். சதுர வரிசையில் அடுக்கினால் எண்ணிக்கை குறையும், ஆனால் சந்துக்குள் பிரஷ் விட்டு அழுக்கு எடுக்கலாம். மனை பிரிக்கும்போது தெரு விடுவதா, இன்னும் நாலு பிளாட் போடுவதா என்கிற அதே தகராறு.

குழாயை ஓட்டையில் சொருகிவிட்டால் போதுமா? இடுக்கில் ஒழுகுமே! அங்கேதான் அண்ணேயின் கைவேலை. எக்ஸ்பேண்டர் என்று ஒரு கருவி. மூன்று சின்ன உருளைகள், நடுவே பென்சில் சீவியது போல ஒரு கம்பி. குழாயின் வாய்க்குள் விட்டுச் சுழற்றினால் கம்பி உள்ளே போகப் போக உருளைகள் விரிந்து, குழாய்ச் சுவரை ஓட்டைச் சுவரோடு அழுத்திவிடும். ஓட்டைக்குள் ஏற்கெனவே இரண்டு வளையப் பள்ளங்கள் கடைந்திருப்பார்கள். மூன்று மில்லி அகலம், அரை மில்லிக்கும் குறைவான ஆழம். குழாயின் உலோகம் பிதுங்கி அதில் போய்ப் பிடித்துக்கொள்ளும். இதற்குப் பெயர் ரோலிங்.

"குறைச்சு ரோல் பண்ணா ஒழுகும். கூட ரோல் பண்ணா டியூபு மெலிஞ்சு வெடிக்கும், பக்கத்து ஓட்டையும் லூசாயிடும். நடுவுல ஒரு இடம் இருக்கு தம்பி, அது கைக்குத் தெரியும்."

அடுத்தது பாஃபிள். வட்டத் தகட்டில் கால்பங்கு போல வெட்டி எடுத்துவிட்டு மீதியில் குழாய்கள் நுழைய ஓட்டை போட்டிருப்பார்கள். ஒன்றின் வெட்டு மேலே இருந்தால் அடுத்ததன் வெட்டு கீழே. பெரிய கோயில்களில் சந்நிதி இருபதடி தூரத்தில் தெரியும், ஆனால் கம்பி கட்டி நம்மை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக அரை மணி நேரம் இழுத்தடிப்பார்களே, அதே தத்துவம். நேராக விட்டால் ஷெல்லுக்குள் வருகிற திரவம் பாதிக் குழாய்களைத் தொடாமலே வெளியே ஓடிவிடும். வளைத்து விட்டால் எல்லாவற்றையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போகும். ஷெல்லுக்குள் நீராவி வருவதாக இருந்தால் வெட்டை மேலும் கீழுமாக வைக்காமல் இடமும் வலமுமாக வைத்து, அடியில் ஒரு சின்னக் காடியும் விடுவார்கள். ஆவி குளிர்ந்து தண்ணீராகி அடியோடு வழிந்து போக வேண்டுமே!

பாஃபிளுக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. நீளக் குழாய்கள் ஆடாமல் பிடித்துக்கொள்வது. அதனால் பாஃபிள் ஓட்டை குழாயைவிட அரை மில்லி, முக்கால் மில்லிதான் பெரிதாக இருக்கலாம். பாஃபிள்கள் நகராமல் இருக்கக் கம்பிகள். கம்பியில் மணி கோத்தது போல இடையிடையே துண்டுக் குழாய்கள். இவை டை ராடும் ஸ்பேஸரும்.

எங்கள் பட்டறையில் பெரும்பாலும் யு-டியூப் ஜாதி. குழாய் போய் அப்படியே வளைந்து திரும்பி அதே டியூப் ஷீட்டுக்கு வந்துவிடும். கொல்லிமலை கொண்டை ஊசி வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். காரணம், இரும்பு சூட்டில் நீளும். இரண்டரை மீட்டர் குழாய் நூறு டிகிரி சூடேறினால் மூன்று மில்லிமீட்டர் நீண்டுவிடும். இரண்டு முனையையும் கட்டிப்போட்டால் அந்த மூன்று மில்லி எங்காவது கோபத்தைக் காட்டும். வளைந்த பக்கம் சும்மா விட்டிருப்பதால் நிம்மதியாக நீண்டு, நிம்மதியாகச் சுருங்கும். இந்த ஜாதிப் பிரிவுகளுக்கெல்லாம் இங்கிலீஷ் எழுத்து கொடுத்து வைத்திருப்பது டெமா என்கிற அமெரிக்கச் சங்கம். 1939ல் ஆரம்பித்தது. எங்களுடையது 'பி.இ.யு.' ஒரு மாதம் வரை அதை யாரோ பி.இ. படித்தவருடைய இனிஷியல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் கோத்து முடித்த குழாய்க் கட்டை ஷெல்லுக்குள் தள்ளி, முனையில் பானெட்டை வைத்து போல்ட் முடுக்கி, சாம்பல் நிறப் பெயின்ட் அடித்து அனுப்பிவிடுவோம். வாங்குகிறவர் பார்ப்பது பெயின்ட்டை மட்டும்தான்.

"நான் பண்ண ரோலிங்கை நானே மறுபடி பார்க்க மாட்டேன் தம்பி. பார்க்கிற மாதிரி வந்துச்சுன்னா அது நல்ல சேதி இல்ல" என்றார் அண்ணே.

நல்ல சேதி இல்லாத அந்த நாளுக்கு நான்தான் அஸ்திவாரம் போட்டேன்.

* * *

2013 மார்ச். ஒரு மில்லிலிருந்து ஆர்டர். ஷெல்லில் நீராவி, குழாயில் தண்ணீர். தண்ணீரைச் சூடாக்க வேண்டும். 52 யு-குழாய்கள், ஆக டியூப் ஷீட்டில் 104 ஓட்டை. ஆர்டரைப் பிடிக்கிற அவசரத்தில் முதலாளி விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டு வந்து, என் மேஜையில் ஐட்டம் லிஸ்ட்டைப் போட்டார்.

"எங்கயாவது குறைக்க முடியுமா பாரு."

ஒரு பி.காம்.காரனிடம் சொல்லக் கூடாத வார்த்தை இது. சிவப்புப் பேனாவை எடுத்தேன். பெயின்ட் இரண்டு கோட்டை ஒன்றாக்கினேன். பாக்கிங் மரத்தைக் குறைத்தேன். ஷெல், டியூப் ஷீட், பாஃபிள் இவற்றில் கை வைக்கத் தைரியம் வரவில்லை. அப்போதுதான் கண்ணில் பட்டது: 'இம்பின்ஜ்மென்ட் பிளேட், 1.' இருநூறுக்கு இருநூறு மில்லிமீட்டர், ஆறு மில்லித் தடிமன். எடை இரண்டு கிலோகூட இல்லை. வெட்டுக்கூலி, வெல்டிங் எல்லாம் சேர்த்து 850 ரூபாய்.

அண்ணேயிடம் போனேன். "இது என்னண்ணே வேலை செய்யுது?"

"ஒண்ணும் செய்யாது. நீராவி உள்ள வர்ற நாசில் வாய்க்கு நேரா கீழ, டியூபுக்கு மேல சும்மா நிக்கும். ஆவி வந்து நேரா டியூபு மூஞ்சில அடிக்காம இது வாங்கிக்கும்."

எனக்கு உடனே ஞானோதயம். ஆவி உள்ளே வருவதற்காகத்தானே வாசல் வைத்திருக்கிறோம்? வாசலுக்கு நேராகத் தகட்டை வைத்து மறைப்பானேன்? சூடு குழாய்க்குப் போவதற்கும் இடைஞ்சல், 850 ரூபாயும் தண்டம். அந்த வரியை அடித்தேன். மற்ற கழிவுகளோடு சேர்த்து மொத்தத் தொகையை மட்டும் முதலாளியிடம் நீட்டினேன். அவர் தொகையைப் பார்த்தார், சந்தோஷப்பட்டார், கையெழுத்துப் போட்டார். லிஸ்ட்டைப் பார்க்கவில்லை.

அண்ணே விடவில்லை. "டிராயிங்குல இருக்கே தம்பி?"

"முதலாளி சொல்லிட்டாருண்ணே."

இந்த மூன்று வார்த்தையில் உண்மை எத்தனை சதவீதம் என்று ஆடிட்டர் யாரும் கேட்கவில்லை. அண்ணே என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஏப்ரலில் லாரி கிளம்பியது. நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

* * *

செப்டம்பரில் மில்லிலிருந்து போன். நீராவி குளிர்ந்து திரும்புகிற தண்ணீர் கண்டபடி அதிகமாக வருகிறது, உள்ளே குழாய் ஒழுகுகிறது, உங்கள் ரோலிங் சரியில்லை. மறுவாரம் சரக்கும் வந்தது, கூடவே 1,40,000 ரூபாய்க்கு டெபிட் நோட்டும் வந்தது.

முதலாளி பட்டறை நடுவில் நின்று கத்தினார். "இருபத்தேழு வருஷம் ரோல் பண்றீங்க! இது தெரியலையா?" அண்ணே ஒன்றும் சொல்லவில்லை. காது கேட்கவில்லையோ என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் கையில் இருந்த எக்ஸ்பேண்டரை அவர் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானமே சோதனை. பானெட்டைக் கழற்றிவிட்டு, டியூப் ஷீட்டை ஒரு வளையத்தால் ஷெல்லோடு இறுக்கிக் கட்டி, ஷெல்லில் தண்ணீர் நிரப்பிக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினார்கள். டியூப் ஷீட்டின் முகத்தைத் துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு அண்ணே டார்ச்சோடு உட்கார்ந்தார். குழாய்க்கும் ஓட்டைக்கும் நடுவே உள்ள விளிம்பில் நீர் கசிந்தால் ரோலிங் தப்பு. குழாயின் வாய்க்குள்ளிருந்து நீர் வந்தால் குழாயே பொத்தல்.

ஐந்து நிமிஷம். ஒரு விளிம்பும் நனையவில்லை. 104ம் உலர்ந்து கிடந்தன. பிறகு மேல் வரிசையில் ஒரு வாயிலிருந்து சொட்டு. பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் ஐந்து குழாய். கொஞ்ச நேரத்தில் அதே ஐந்தின் மறுமுனைகள் கீழ்ப்பாதியில் சொட்ட ஆரம்பித்தன.

"ரோலிங் இல்ல!" என்றார் அண்ணே. அவர் மெதுவாகச் சொல்லி நான் கேட்ட ஒரே வாக்கியம் அது.

குழாய்க் கட்டை வெளியே இழுத்தார்கள். எனக்கு எந்தப் படிப்பும் தேவைப்படவில்லை. மேல் வரிசையில், நாசில் வாய்க்கு நேர் கீழே, தட்டு அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் பளபளவென்று இருந்தது. சுற்றியெல்லாம் கறுப்பு. அந்த வட்டத்துக்குள் குழாய்கள் அரித்துப் பொத்தலாகி இருந்தன. மில்லில் நீராவிக் குழாய் நீளம். வழியிலேயே கொஞ்சம் ஆவி தண்ணீராகிப் பொடிப் பொடித் துளிகளாகக் கூடவே வரும். 170 டிகிரி ஆவி அந்தத் துளிகளை மணல் மாதிரி வீசியடித்திருக்கிறது. ராத்திரி பகலாக, ஐந்து மாதம், ஒரே இடத்தில்.

அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியது இரண்டு கிலோ இரும்பு.

முதலாளி டிப்ளமா படித்தவர். டிராயிங்கை விரித்தார், கட்டைப் பார்த்தார். "இம்பின்ஜ்மென்ட் பிளேட் எங்கய்யா? டிராயிங்குல இருக்கு, ஜாப்புல இல்ல. ஃபோர்மேன் எதுக்கு இருக்கீங்க?"

நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அண்ணே என் பக்கம் திரும்பவே இல்லை. "விட்டுப் போச்சு ஸார்" என்றார்.

சாயந்தரம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அண்ணேக்கு டிசம்பரில் ரிட்டயர்மென்ட். கிராஜுவிட்டி எவ்வளவு வரும், அதில் மில்காரனின் டெபிட்டைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று ஒரு ஷீட் போட்டுக் காலையில் கொண்டு வரச் சொன்னார்.

ராத்திரி ரூமில் உட்கார்ந்து போட்டேன். கடைசிச் சம்பளம் 16,000. அதை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, 27 வருஷத்தால் பெருக்கினால் 2,49,231. அதில் 1,40,000 போனால் 1,09,231. ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போடுவதற்கென்று அண்ணே அந்தப் பணத்தைக் கணக்குப் பண்ணி வைத்திருந்தது எனக்குத் தெரியும். கம்பிக்கும் சிமென்ட்டுக்கும் எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தவனே நான்தான்.

கணக்கு டேலி ஆகிவிட்டது. அதுதான் பயங்கரம். டெபிட் எழுதும்போது யார் பெயரில் எழுதுகிறோம் என்று பேனாவுக்குத் தெரியாது. எழுதுகிறவனுக்குத் தெரியும்.

உங்கள் ஆபீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹெட் கிளார்க் இருப்பார். பார்த்தால் வேலை செய்கிற மாதிரியே இருக்காது. ஆட்குறைப்பு என்று யாராவது பேப்பர் எடுத்தால் முதலில் அவர் பெயரைத்தான் அடிக்கத் தோன்றும். ஆனால் மேனேஜர் காலையில் வீட்டுச் சண்டையோடு கிளம்பி வந்து பாய்கிறாரே, அதை முதலில் வாங்கிக்கொள்கிறவர் அவர்தான். அவரைத் தாண்டி நம்மிடம் வரும்போது அது வெறும் 'இதைக் கொஞ்சம் சரி பண்ணிடுங்க' ஆகிவிடும். அவர் லீவில் போகிற அன்றைக்குத்தான் அவர் செய்துகொண்டிருந்த வேலை என்ன என்று நம் முதுகுக்குப் புரியும்.

அன்றைக்கு எனக்கும் மேலதிகாரியின் கோபத்துக்கும் நடுவில் ஒருவர் நின்று வாங்கிக்கொண்டுவிட்டார். தகட்டுக்கு வலிக்காது. அவருக்கு?

காலையில் ஷீட்டோடு போனேன். அதனடியில் இன்னொரு காகிதம்: மார்ச் மாத ஐட்டம் லிஸ்ட்டின் ஆபீஸ் காப்பி, சிவப்பு மையோடு. "ஸார், பிளேட்டை எடுத்தது நான். நீங்க சொன்னதா ஃபோர்மேன்கிட்ட பொய் சொன்னதும் நான்." தைரியமாகச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நிஜத்தில் பாதி வாக்கியத்தில் தொண்டை அடைத்து, இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

முதலாளி நெடுநேரம் காகிதத்தைப் பார்த்தார். என்னை வேலையை விட்டு அனுப்பப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது காகிதத்தின் அடியில் இருந்த தன்னுடைய கையெழுத்தை. "படிச்சுப் பார்த்திருக்கணும்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அந்த வருஷம் எனக்கு இன்கிரிமென்ட் இல்லை. ஷீட்டை நாலாகக் கிழித்துப் போட்டார்.

பட்டறைக்குள் போனேன். அண்ணே பொத்தலான ஐந்து குழாய்களுக்கும் இரண்டு முனையிலும் கூம்பு ஆப்பு அடித்து மூடிக்கொண்டிருந்தார். 52ல் ஐந்து போனாலும் மீதி 47 வேலை செய்யும், கொஞ்சம் சூடு குறையும், அவ்வளவுதான்.

"ஏண்ணே, நேத்தே சொல்லியிருக்கலாமே? நான்தான்னு தெரியுமில்ல?"

"தெரியாம என்ன? ஷாப் காப்பி என் டூல் பாக்ஸ்லதான் இருக்கு. சிவப்பு மை இங்க யாரு வெச்சிருக்கா?" ஆப்பை இன்னொரு தட்டுத் தட்டினார். "சொன்னா உன் வேலை போயிடும். எனக்கு இன்னும் மூணே மாசம். அதுவும் போக, டிராயிங்குல இருக்கிறதை வாய் வார்த்தையை நம்பி விட்டது நான்தானே? எழுதி வாங்கியிருக்கணும். அது என் தப்பு."

கொஞ்சம் நிறுத்தி, "ஆனா ரோலிங் தப்புன்னு சொன்னாங்க பாரு, அந்த ஒரு வாரம் தூங்கலை தம்பி" என்றார்.

நான் அங்கிருந்து நகர்ந்துவிட்டேன். கிரைண்டர் தூசு கண்ணில் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

புதுத் தகட்டை அண்ணேயே வெட்டி, மூலைகளை ராவி, டை ராடோடு வெல்ட் பண்ணிப் பொருத்தினார். மில்காரனும் தகராறு பண்ணி ஓய்ந்து பாதி டெபிட்டோடு விட்டான். 850 ரூபாய் மிச்சம் பிடித்ததில் பட்டறைக்குச் செலவு 70,000, லாரி வாடகை தனி. வர்த்தகப் பட்டதாரியின் சாதனை!

ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்கிற வார்த்தை கண்ணில் பட்டால் நின்று படிக்கிற வியாதி அதற்குப் பிறகு எனக்கு வந்துவிட்டது. அப்படித்தான் ஒரு சேதி தெரிந்தது. அமெரிக்காவில், கலிஃபோர்னியாக் கடற்கரையில் சான் ஓனோஃப்ரே என்று ஓர் அணுமின் நிலையம். அணு உலையின் சூட்டை வாங்கி நீராவி உண்டாக்குகிற ராட்சசக் கலயங்கள் அங்கே இருந்தன. பெயர்தான் ஸ்டீம் ஜெனரேட்டர், ஜாதி எங்கள் யு-டியூப் ஜாதி. ஒவ்வொன்றிலும் 9,727 குழாய்கள். ஜப்பானின் மிட்சுபிஷி செய்து கொடுத்த புத்தம் புதுசு. 2012 ஜனவரி 31 அன்று ஒன்றில் ஒரு குழாய் கசிந்தது. பொருத்தி ஓட ஆரம்பித்து ஒரு வருஷம்கூட நிறையவில்லை. பார்த்தால், வளைவுப் பகுதியில் குழாய்கள் அதிர்ந்து ஒன்றோடொன்று உரசித் தேய்ந்திருந்தன. ஆடாமல் பிடிக்க வேண்டிய பட்டைகள் அந்தத் திசையில் பிடிக்கவில்லை. விவகாரம் முற்றி, 2013 ஜூனில் அந்த நிலையத்தையே நிரந்தரமாக மூடுவதாக அறிவித்துவிட்டார்கள்.

எங்களுடையது அரிப்பு, அவர்களுடையது அதிர்வு. அவர்கள் செய்தது சிவப்பு மைக் காரியமும் இல்லை, பெரிய பெரிய எஞ்சினீயர்கள் போட்ட கணக்கு. இருந்தாலும் இரண்டு இடத்திலும் சூட்டைக் கடத்துகிற குழாய்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. சூட்டோடு சம்பந்தமே இல்லாமல் சும்மா பக்கத்தில் நிற்கிற இரும்பில்தான் கோட்டை விட்டது. அதே 2013ல் துவாக்குடியில் நானும் என் சக்திக்கேற்ப ஒன்றை மூட வைத்திருப்பேன்.

டிசம்பர் கடைசியில் அண்ணேக்கு மாலை போட்டு, மிக்சரும் ஜாங்கிரியும் வைத்து அனுப்பினோம். கிராஜுவிட்டி செக்கை எழுதியது நான். 2,49,231. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். கிளம்பும்போது அவர் என் கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைத் திணித்தார். பிரித்தால் இந்தக் குழாய்த் துண்டு. அந்த ஐந்தில் ஒன்றை, முனைகளைக் கட்டிலேயே விட்டு, நடுவில் அரித்த இடத்தை மட்டும் அறுத்து எடுத்து வைத்திருக்கிறார்.

"மேஜை மேல வெச்சுக்க. எதையாவது அடிக்கணும்னு பேனா எடுக்கிறப்போ ஒரு தடவை பார்த்துக்க" என்றார். அவர் குரலில் இது ரகசியம் என்பதால் தெருவே கேட்டது.

நான் பட்டறையை விட்டு, கணக்கை விட்டு, பத்திரிகைகளுக்கு எழுதுகிறவனாகி வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போதும் ஒரு வரியை அடிக்கிறதற்கு முன் கண் அந்தப் பொத்தலுக்குப் போகும். சில சமயம் வரி தப்பிக்கும். (இந்தக் கட்டுரை நீண்டுவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.)

போன ஞாயிற்றுக்கிழமை வீடு ஒழிக்கிற படலம். பழைய பேப்பர்க்காரர் வாசலில் தராசோடு நிற்கிறார். என் மனைவி மேஜையருகில் வந்து குழாயைக் கையில் எடுத்தாள். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இது இங்க என்ன வேலை செய்யுது?"

"ஒண்ணும் செய்யாது" என்றேன். "சும்மா நிக்கும். வெச்சுடு."